பரிசுக்கு ஒரு நீள்வில்: ஜெயிப்பவர் யாரென்று தெரியாமல் எந்த அளவில் முடிப்பது?

ஹிக்கரிக்காரன் கேட்டது:

வணக்கம். இன்னும் மூன்று மாதத்தில் நடக்கும் ஒரு ஃபீல்ட் (திறந்தவெளி வில்வித்தை) போட்டிக்குக் கையால் செய்த நீள்வில் (லாங்போ) ஒன்றைப் பரிசாகக் கொடுப்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன். காம்பவுண்ட் (கப்பி வைத்த வில்), ரிகர்வ் (நுனி எதிர்ப்பக்கம் வளைந்த வில்), பேர்போ (குறிபார்க்கும் கருவி இல்லாத வில்), லாங்போ என்று எல்லாப் பிரிவும் உண்டு. ஆண், பெண், ஜூனியர் தனித்தனி. யார் கைக்குப் போகும் என்று தெரியாததுதான் சிக்கல்.

வில்லின் விவரம்: ஹிக்கரி, ஒற்றை மரம். முதுகுப் பக்கம் (இலக்கை நோக்கும் பக்கம்) முழுக்க ஒரே வளர்ச்சி வளையம், எங்கும் வெட்டுப்படவில்லை. நாண் வெட்டிலிருந்து நாண் வெட்டு வரை 68 அங்குலம். பிடியும் அதன் இரண்டு சரிவுகளும் சேர்த்து வளையாத பகுதி 8 அங்குலம். லிம்ப் (பிடிக்கு மேலும் கீழும் உள்ள வளையும் பகுதி) பிடியருகே 38 மி.மீ. அகலம், 16 மி.மீ. தடிமன், வயிறு (எய்பவரை நோக்கும் பக்கம்) தட்டை. இழுவை, அதாவது நாணை 28 அங்குலம் வரை இழுக்கத் தேவைப்படும் விசை, 48 பவுண்டு. நாணைக் கழற்றியதும் ஒன்றேகால் அங்குலம் வளைவு தங்குகிறது. அம்புக்குத் தட்டு வெட்டவில்லை, கைமேல் வைத்து எய்யும் வகை.

இதை அப்படியே கொடுத்துவிடலாமா, இழுவையைக் குறைக்க வேண்டுமா? எந்தப் பிரிவுக்குக் கொடுப்பது சரி? இடக்கைக்காரர் ஜெயித்தால்? நாண், அம்பு எல்லாம் சேர்த்துத் தர வேண்டுமா? கடைசியாக, உடைந்துபோனால் பொறுப்பு யாருடையது என்பதை முன்கூட்டியே எப்படிச் சொல்லி வைப்பது?


மரச்சீவல் பதில்:

48 பவுண்டைவிட அந்த 28 அங்குலத்தைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டும். உங்கள் வில் 28 வரைதான் பழகியிருக்கிறது. உயரமான ஒருவர் ஜெயித்து 31 வரை இழுத்தால் என்ன ஆகும்? இந்த அளவுள்ள நீள்வில்லில் இழுவையின் கடைசிப் பகுதியில் அங்குலத்துக்கு இரண்டரை முதல் மூன்று பவுண்டு ஏறும். 31-ல் 56 பவுண்டை நெருங்கிவிடும். அதுவரை ஒருமுறைகூட வளையாத அளவுக்கு வயிற்றுப் பக்கம் நசுங்கும். ஹிக்கரியின் முதுகு இழுவிசையைத் தாராளமாகத் தாங்கும். வயிறுதான் அதற்குப் பலவீனம். ஒரே நாளில் வளைவு இரண்டரை அங்குலம் தங்கிவிடும், இல்லையென்றால் வயிற்றில் குறுக்கே மயிரிழைக் கோடுகள் விழும்.

பிடி வளையாத வில்லுக்கு ஒரு தோராயக் கணக்கு உண்டு: இழுநீளத்தின் இரண்டு மடங்கோடு வளையாத பகுதியைக் கூட்டுங்கள். 30 அங்குல இழுநீளத்துக்கு 60 கூட்டல் 8, சரியாக 68. ஆக உங்கள் வில்லை 30 வரை கொண்டுபோகலாம். 31-க்குப் போக வேண்டாம், அதற்கு நீளம் போதாது.

என் யோசனை: 28-ல் 41 பவுண்டுக்கு இறக்குங்கள், 30 வரை டில்லர் செய்து (இரண்டு லிம்பும் சீராக வளையும்படி சீவி) பழக்குங்கள், அட்டையில் "30-க்கு மேல் இழுக்கக் கூடாது" என்று எழுதிக் கொடுங்கள். 41 என்பது லாங்போ பழக்கமுள்ள பெரியவர்களில் பெரும்பாலானவர் நாள் முழுக்க எய்யக்கூடிய இழுவை. கனமான வில்தான் கம்பீரம் என்று நினைக்க வேண்டாம். 1545-ல் மூழ்கிய மேரி ரோஸ் என்ற ஆங்கிலப் போர்க்கப்பலிலிருந்து கிடைத்த யூ மர விற்கள் நூறு பவுண்டுக்கும் மேல் இழுவை உள்ளவை என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஆனால் அவற்றை இழுத்தவர்கள் அதையே தொழிலாகக் கொண்டவர்கள். பரிசு வாங்குபவர் மறுநாள் எடுத்து எய்யும் வில்லாக இருக்க வேண்டும். சுவரில் மாட்டுவதற்கு எந்த மரமும் போதும்.

குறைக்கும்போது ஒரு கணக்கை மறக்கக் கூடாது. லிம்பின் விறைப்பு அகலத்தோடு நேர் விகிதத்திலும் தடிமனின் மும்மடியோடும் மாறும். 48-லிருந்து 41 என்றால் சுமார் 15 சதவீதக் குறைவு. அதற்குத் தடிமனில் 5 சதவீதம் போதும். பிடியருகே 16 மி.மீ. இருக்கும் இடத்தில் 0.8 மி.மீ., நுனிப்பக்கம் 11 மி.மீ. இருந்தால் அரை மி.மீ.க்குச் சற்று மேல். ரம்பப்பல் அரத்தை எடுத்தால் ஒரே நிமிடத்தில் தாண்டிவிடுவீர்கள். கேபினட் ஸ்கிரேப்பர் (மரம் சுரண்டும் எஃகுத் தகடு) மட்டும் போதும். சீவல் காகிதம்போலச் சுருண்டு வர வேண்டும்.

முறை இது. நாணைக் கழற்றி, வயிறு முழுக்கப் பென்சிலால் குறுக்குக் கோடு போடுங்கள். பிடிச் சரிவு முடியும் இடத்திலிருந்து நுனிக்கு ஆறு அங்குலம் முன்பு வரை, கோடுகள் மறையும் அளவுக்கு இரண்டு லிம்பிலும் ஒரே எண்ணிக்கையில் சீவுங்கள். நாணேற்றி, பாதி இழுநீளத்துக்கு முப்பது முறை மெதுவாக இழுத்துவிட்டுப் பிறகுதான் எடை பாருங்கள். சீவியவுடன் எடை பார்த்தால் மரம் இன்னும் இணங்கியிருக்காது. ஒரு பவுண்டு, இரண்டு பவுண்டு கூடவே காட்டும். அதை நம்பி மறுபடி சீவினால் குறி தவறும். 43 வந்ததும் நிறுத்துங்கள். மிச்சம் இரண்டு பவுண்டு மணல்தாள் தேய்ப்பிலும் நூறு இருநூறு அம்பு எய்து பழக்குவதிலும் போய்விடும்.

43-ல் நின்ற பிறகு இழுநீளத்தை அரை அங்குலம் அரை அங்குலமாக 30 வரை நீட்டுங்கள். ஒவ்வொரு நிலையிலும் லிம்பின் வளைவைச் சோதிக்க ஆறு அங்குல நேர்க்கட்டை ஒன்றின் நடுவில் துளையிட்டுப் பென்சில் செருகிக்கொள்ளுங்கள். வில்லை டில்லரிங் கட்டையில் வளைத்து நிறுத்தி, அதிகம் வளைந்த இடத்தில் பென்சில் தொட்டும் தொடாமலும் இருக்கும்படி வைத்து வயிற்றின் மேல் ஓட்டினால், விறைப்பாக இருக்கும் இடங்களில் மட்டும் கோடு விழும். அங்கே மட்டும் சீவுங்கள். கீழ் லிம்ப் மேல் லிம்பைவிட 3 முதல் 5 மி.மீ. விறைப்பாக இருக்கட்டும், அதாவது பிடிச் சரிவின் முனையிலிருந்து நாணுக்குள்ள தூரம் கீழே அந்த அளவு குறைவு. மூன்று விரலும் அம்புக்குக் கீழே வைத்து இழுப்பவராக இருந்தால் இரண்டும் சமமாக இருப்பது நல்லது. யாரென்று தெரியாததால் 3-ல் நிறுத்துங்கள், இரண்டு வகையினருக்கும் ஒத்துப்போகும்.

தடிமன் குறைந்த லிம்ப் அதே வளைவில் குறைவாக நசுங்கும் என்பதால் 28-ல் கொஞ்சம் இடைவெளி கிடைக்கிறது. 30-க்கு நீட்டும்போது அதைச் செலவழித்துவிடுகிறீர்கள். அதனால் தங்கும் வளைவைத் தினமும் அளந்து எழுதி வையுங்கள். இரண்டு அங்குலத்தைத் தொட்டால் நீட்டுவதை நிறுத்தி, அதுவரை வந்த இழுநீளத்தையே உச்சமாக அறிவித்துவிடலாம்.

இன்னொன்று, ஈரப்பதம். ஹிக்கரி 6 முதல் 8 சதவீதத்தில் சிறப்பாக வேலை செய்யும்; 12-ஐத் தாண்டினால் சோம்பேறியாகி வளைவு தங்கும். ஈரமானி இல்லையென்றால் வில்லைச் சமையல் தராசில் வைத்துத் தினமும் கிராம் பாருங்கள். நாலைந்து நாள் எடை மாறாமல் நின்றால் சுற்றியுள்ள காற்றோடு சமநிலைக்கு வந்துவிட்டது. அந்தக் காற்று ஈரமானதாக இருந்தால் அந்தச் சமநிலையே தப்பான இடத்தில் நிற்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். மெல்லிய பூச்சு மூன்று அடிக்க வேண்டும், நாண் வெட்டுகளிலும் பிடித் தோலுக்கு அடியிலும் உட்பட. பூச்சு ஈரத்தைத் தடுக்காது, தாமதப்படுத்தும், அவ்வளவுதான்.


கோணல்கணை பதில்:

மரச்சீவல் சொன்ன கணக்கெல்லாம் சரி. ஆனால் முடித்த வில்லைக் கொடுப்பதே எனக்கு ஏற்பில்லை. இழுவையைக் குறைக்கலாம், கூட்ட வழியில்லை. 41-க்கு இறக்கிய பிறகு 50 பவுண்டு எய்பவர் ஜெயித்தால் அவருக்கு அது விளையாட்டுச் சாமான். 30 பவுண்டு எய்பவர் ஜெயித்தால் தோள்பட்டைக்குக் கேடு.

48-லேயே விடுங்கள், கடைசிப் பூச்சு அடிக்காமல். மேடையில் வில்லைக் காட்டுங்கள், கூடவே ஒரு சீட்டு: "ஜெயிப்பவரின் அளவுக்கு முடித்துத் தரப்படும்." அந்தச் சீட்டில் கேட்க வேண்டியவை: அளந்த இழுநீளம், இப்போது எய்யும் வில்லின் இழுவை, எந்தக் கை, விரல் பிடி அம்புக்கு இரண்டு பக்கமுமா மூன்றும் கீழேயா, பிடியின் சுற்றளவு. இழுநீளத்தை ஜெயித்தவரின் வாய்க்கணக்காக எடுத்துக்கொள்ளாதீர்கள். காம்பவுண்டில் 30 என்று சொல்பவர் நீள்வில்லில் 28-க்குத்தான் வருவார், நிற்கும் விதமும் நங்கூரப் புள்ளியும் (இழுத்த கை முகத்தில் நிற்கும் இடம்) வேறு. இருபது பவுண்டுக்குக் குறைவான லேசான வில்லொன்றைப் போட்டிக்குக் கொண்டுபோங்கள், அங்குலக் கோடு போட்ட நீண்ட அம்பையும். அங்கேயே மூன்று முறை இழுக்கச் சொல்லி வில்லின் முதுகு விளிம்பில் அளந்து எழுதிக்கொண்டால் வேலை முடிந்தது. இரண்டு கையை விரித்த நீளத்தை இரண்டரையால் வகுக்கும் வழக்கம் ஆளைப் பொறுத்து ஒரு அங்குலம் வரை முன்னேபின்னே போகும். வேறு வழியில்லாதபோது மட்டும் பார்க்கலாம்.

சீட்டுக்குக் காலக்கெடு கட்டாயம். ஜெயித்தவர் அளவுகளைத் தர 30 நாள், நீங்கள் முடித்துக் கொடுக்க 60 நாள் என்பதுபோல. கெடு இல்லாத சீட்டு இரண்டு வருடம் கழித்துக் கதவைத் தட்டும், அதற்குள் அந்த மரம் உங்களிடம் இருக்காது.


மரச்சீவல் பதில்:

சீட்டு யோசனையை முழுக்க மறுக்கவில்லை. ஆனால் வெளியூரிலிருந்து வந்தவர் ஜெயித்தால் வில்லை மறுபடி அனுப்பும் வேலையும் செலவும் கொடுப்பவர் தலையில் விழும். பரிசு வாங்கியவர் வெறுங்கையோடு திரும்புவதும் ஒரு மாதிரிதான். நடுவழி ஒன்று: 41-ல் முடித்துக் கையில் கொடுத்துவிடுங்கள், "விரும்பினால் ஒரு முறை இலவசமாக இழுவை குறைத்துத் தரப்படும்" என்ற வரியோடு. 35-க்கு இறக்கத் தடிமனில் இன்னும் ஐந்து சதவீதம் சீவினால் போதும், அகலம் 38 இருப்பதால் லிம்ப் முறுக்கிக்கொள்ளாது. அதிகம் வேண்டுபவருக்கு இந்த வில் இல்லை என்று முன்பே அறிவிப்பில் போட்டுவிட்டால் குறை சொல்ல இடமிருக்காது.


களத்துநடுவர் பதில்:

நடத்துபவர் பக்கத்திலிருந்து சில விஷயங்கள்.

பிரிவைப் பொறுத்தவரை, ஒட்டுமொத்த முதலிடத்துக்கு வேண்டாம். புள்ளியில் காம்பவுண்ட்தான் மேலே நிற்கும், அவருக்கு நீள்வில் பயன்படாது. லாங்போ பிரிவில் முதலிடத்துக்குக் கொடுப்பதிலும் ஒரு குறை: அவரிடம் ஏற்கெனவே தனக்குத் தைத்ததுபோல நல்ல வில் இருக்கும். லாங்போ அல்லது பேர்போ பிரிவில் பதிவு செய்து எல்லாச் சுற்றும் முடித்த பெரியவர்கள் எல்லாருடைய பெயரையும் போட்டுக் குலுக்கி எடுப்பது எனக்குச் சரியாகப் படுகிறது. எப்படிக் கொடுத்தாலும் இழுவை, நீளம், உச்ச இழுநீளம் மூன்றையும் பதிவு தொடங்கும் நாளிலேயே வெளியிட வேண்டும். வேண்டாதவர் விலகிக்கொள்ளலாம், அடுத்தவருக்குப் போகும். மேடையில் வைத்து மறுக்கும் சங்கடம் இருக்காது.

ஜூனியர் பிரிவைக் குலுக்கலில் சேர்க்காதீர்கள். வளரும் தோளில் 40 பவுண்டைக் கொடுக்கக் கூடாது. அவர்களுக்கு ஏதாவது செய்ய ஆசைப்பட்டால் 15 முதல் 20 பவுண்டில் சிறிய வில் தனியாகச் செய்யலாம்.

அறிவிப்பில் "லாங்போ" என்று மட்டும் எழுதினால் போதாது. உலக வில்வித்தை அமைப்பின் விதியில் லாங்போ பிரிவுக்கு, நாணேற்றிய நிலையில் நாண் அதன் வெட்டுகளைத் தவிர வில்லின் வேறெந்த இடத்தையும் தொடக் கூடாது, அம்பு மரத்தில் இருக்க வேண்டும். உங்கள் வில் நேரான லிம்ப் என்பதால் அங்கே சிக்கலில்லை. ஆனால் பிரிட்டிஷ் லாங்போ சொசைட்டியின் விதிப்படி எந்த இடத்திலும் தடிமன் அகலத்தில் எட்டில் ஐந்து பங்குக்குக் குறையக் கூடாது, நுனியில் கொம்பு வெட்டு இருக்க வேண்டும். உங்களுடையது 38-க்கு 16, பாதிகூட இல்லை. அந்த விதியைப் பின்பற்றும் போட்டிகளில் இதை எடுத்துக்கொண்டு போனால் நுழைவிலேயே நிறுத்துவார்கள். "தட்டை லிம்ப், ஒற்றை மரம், கண்ணாடி இழை இல்லை" என்று வெளிப்படையாக எழுதிவிடுங்கள். வாங்குபவர் எந்தப் பிரிவில் எய்யலாம் என்பதை அவரே பார்த்துக்கொள்வார்.

அடுத்தது, வில் உடையும் இடம். பெரும்பாலும் அது களத்தில் இல்லை, பரிசு மேசையில். நாணேற்றிய வில்லைப் பார்த்தால் போகிற வருகிறவர் எல்லாரும் ஒரு இழு இழுத்து விடுவார்கள். அம்பில்லாமல் விட்டால் அம்புக்குப் போக வேண்டிய ஆற்றல் முழுக்க லிம்புக்கே திரும்பும்; நுனி பிளக்கும், முதுகில் சிலும்பு எழும். கையில் எண்ணெய்ப் பிசுக்கோடு தடவுவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அதனால் நாணில்லாமல் வையுங்கள், நாணைத் தனிப் பையில் போட்டு அமைப்பாளர் பெட்டியில் வைத்துவிடுங்கள். "தொட வேண்டாம்" என்று பலகை வைப்பதைவிட நாண் இல்லாமலிருப்பது பத்து மடங்கு பலன் தரும். படுக்கை வாட்டில் இரண்டு தாங்கியில் இருக்கட்டும். மூலையில் சாய்த்தால் கீழ் லிம்ப் மேல் மொத்த எடையும் உட்காரும். பந்தலின் வெயில் பக்கமும் வேண்டாம்.

சுழல் பரிசாக, அதாவது ஆண்டுக்கு ஒருவர் வைத்திருந்து திருப்பித் தரும் பரிசாக ஆக்கலாமே என்று குழுவில் யாராவது சொல்வார்கள். இங்கிலாந்தில் 1673-ல் தொடங்கிய வில்வித்தைப் போட்டியின் பரிசான ஸ்கார்ட்டன் வெள்ளி அம்பு அப்படித்தான் கைமாறியது, ஆனால் அது வெள்ளி. மர வில் ஆண்டுக்கொருவர் கையில், ஆண்டுக்கொரு இழுநீளத்தில், ஆண்டுக்கொரு பரணில் போய் வந்தால் மூன்றாம் ஆண்டு தாங்காது.

பொறுப்பு பற்றிய கேள்விக்கு: நீண்ட சட்ட வாசகம் எதுவும் வேண்டாம், அரைப் பக்கம் போதும். எதற்குப் பொறுப்பேற்கிறீர்கள், எதற்கு இல்லை என்று நேராக எழுதுங்கள். "ஓராண்டுக்குள் குறிப்பிட்ட இழுநீளத்துக்குள் எய்யும்போது உடைந்தால் மாற்றித் தரப்படும். அம்பில்லாமல் விட்டது, 30 அங்குலத்தைத் தாண்டி இழுத்தது, நாணேற்றியபடியே வைத்தது, லேசான அம்பு இவற்றால் வரும் சேதத்துக்கு இல்லை." கையெழுத்து வாங்கி அமைப்பாளர் ஒரு படி, நீங்கள் ஒரு படி. கொடுக்கும் அன்று அளந்த இழுவை, தங்கிய வளைவு, முதுகு வயிறு இரண்டின் படங்கள் இணைப்பில் இருக்கட்டும். பின்னால் வாக்குவாதம் வந்தால் அந்தப் படங்கள் பேசும்.


மரச்சீவல் பதில்:

உடைந்த வில்லே காரணத்தைச் சொல்லிவிடும், அதையும் சேர்த்துக்கொள்ளலாம். முதுகில் நீளச் சிலும்பு எழுந்து பிளந்திருந்தால் வளையம் வெட்டுப்பட்டிருக்கிறது அல்லது மரம் அளவுக்கு மேல் காய்ந்திருக்கிறது: செய்தவர் பக்கக் குறை. பிடிச் சரிவு முடியும் இடத்தில் ஒடிந்திருந்தால் சரிவு குட்டையானது, அதுவும் செய்தவருடையதே. நாண் வெட்டில் நுனி பிளந்திருந்தால் பெரும்பாலும் அம்பில்லாமல் விட்டது, அல்லது நீட்சியற்ற நாண் மாட்டியது. வயிற்றில் ஒரே இடத்தில் குறுக்குக் கோடுகள் குவிந்திருந்தால் டில்லரில் மடிப்பு விழுந்திருக்கிறது. வயிறு நெடுகப் பரவலாக இருந்தால் அளவுக்கு மீறி இழுத்திருக்கிறார்கள்.


ஹிக்கரிக்காரன் பதில்:

நன்றி, நிறையத் தெளிந்தது. 41-ல் முடித்து, ஒருமுறை குறைத்துத் தருவதாக எழுதிக் கொடுக்கப்போகிறேன். குலுக்கல் யோசனையை அமைப்பாளரிடம் சொல்கிறேன். நாணும் அம்பும்? இடக்கை, வலக்கை விஷயம்? வில் மேல் பரிசு விவரத்தைச் சூடு வைத்து எழுதலாமா?


நாண்முறுக்கி பதில்:

நாண் கட்டாயம் சேர்க்க வேண்டும், இரண்டாக. ஒன்று மட்டும் கொடுத்தால் அது தேய்ந்ததும் ரிகர்வ் நாணை எடுத்து மாட்டிப் பார்ப்பார்கள். நாண் நூல் டாக்ரான் பி-50, 12 இழை. ஓர் இழை சுமார் 50 பவுண்டு தாங்கும், இந்த வில்லுக்கு 12 தாராளம். நடுவில் நூல் சுற்றிய பிறகு அம்பின் நாக் (நாணில் மாட்டும் பின்முனைப் பிளவு) லேசாகக் கவ்வி, தட்டினால் விடும் அளவுக்கு இருந்தால் சரி. தளர்வாக இருந்தால் இன்னும் இரண்டு இழை கூட்டிக்கொள்ளுங்கள். டைனீமா வகை நாண் வேண்டாம். அது நீளாது, அதனால் ஒவ்வொரு எய்தலின் கடைசி அதிர்வும் நேராக நுனிக்கே போகும். நுனியில் கொம்போ கடின மரமோ ஐந்து மி.மீ. ஒட்டி வலுப்படுத்தாத ஹிக்கரியில் நாண் மரத்துக்குள் இறங்கிவிடும். அட்டையில் "டாக்ரான் மட்டும்" என்று தனி வரியாக எழுதுங்கள்.

நீளம் வில்லைவிட மூன்று அங்குலம் குறைவு, 65. மேலே ஃபிளெமிஷ் முறுக்குக் கண், கீழே கண்ணுக்குப் பதில் டிம்பர் ஹிட்ச் முடிச்சு போட்டால் வாங்குபவர் பிரேஸ் உயரத்தை (நாணேற்றிய வில்லில் பிடிக்கும் நாணுக்கும் உள்ள தூரம்) தானே சரிசெய்யலாம். பிரேஸ் உயரம் ஆறரை அங்குலம் வையுங்கள். புது நாண் முதல் ஐம்பது அம்பில் நீளும், உயரம் ஐந்தே முக்காலுக்கு இறங்கும், நாண் மணிக்கட்டில் அடிக்கும். அதனால் நீங்களே எய்து நீட்டி, மறுபடி முறுக்கி, மெழுகு தேய்த்துக் கொடுங்கள். நாணேற்றும் கயிறும் ஒன்று சேர்த்துவிடுங்கள். தொடையில் போட்டு வளைத்து நாணேற்றினால் லிம்ப் முறுக்கிக்கொள்ளும்.

கை விஷயம் உங்கள் வில்லுக்குச் சுலபம். தட்டு வெட்டாததால் இரண்டு கைக்கும் பொருந்தும், ஒரு நிபந்தனையோடு: நாண் பிடியின் நடுக்கோட்டில் ஓட வேண்டும். நாணேற்றி நுனியிலிருந்து ஒற்றைக் கண்ணால் பாருங்கள். இடப்பக்கம் இரண்டு மி.மீ. சாய்ந்திருந்தால் அந்த வில் ஒரு கைக்குத்தான் நன்றாகப் போகும், அதைக் குறிப்பிட்டுவிட வேண்டும். நடுவில் ஓடினால் பிடிக்கு மேலே அம்பு உரசும் இடத்தில் இரண்டு பக்கமும் மெல்லிய தோல் ஒட்டிவிடுங்கள். பிடியில் உள்ளங்கை மேட்டை ஒரு கைக்கென்று செதுக்காதீர்கள். நாணில் அம்பு பொருத்தும் புள்ளியை நூலால் கட்டி, அம்பு இருக்கும் இடத்திலிருந்து நாணுக்குச் செங்குத்தாக வரும் கோட்டுக்கு மேல் 12 மி.மீ.யில் வையுங்கள், உலோகக் கவ்வி வேண்டாம், வாங்குபவர் நகர்த்த நேரிடும்.

அம்பைப் பொறுத்தவரை ஒரு டஜன் முடித்த அம்பு கொடுப்பது வீண். தட்டு வெட்டாத வில்லில் அம்பு பிடியைச் சுற்றி வளைந்து போக வேண்டும், அதனால் இழுவையைவிடத் தளர்வான ஸ்பைன் (அம்புத்தண்டின் விறைப்பு, பவுண்டு எண்ணில் சொல்வது) கேட்கும். 41 பவுண்டு வில்லுக்கு 35-40 வகை பொருந்த வாய்ப்பு அதிகம், ஆனால் பிடியின் அகலம், இழுநீளம், அவர் நாணை விடும் விதம் எல்லாம் சேர்ந்துதான் தீர்மானிக்கும். அம்பு 28-ஐவிட ஒரு அங்குலம் நீண்டால் ஐந்து பவுண்டு ஸ்பைன் தளர்ந்ததுபோல நடக்கும். ஆகையால் சோதனைத் தொகுப்பு கொடுங்கள்: 11/32 அங்குல மரத்தண்டு, 30-35, 35-40, 40-45 மூன்றிலும் இரண்டு இரண்டு, 32 அங்குலத்தில் வெட்டாமல், கூர்முனையும் பின்முனை நாக்-உம் மட்டும் பொருத்தி, இறகில்லாமல். ஒவ்வொன்றிலும் எண்ணை எழுதுங்கள். எட்டுப் பத்துக் கஜத்தில் எய்து பார்த்து, எது நேராகக் குத்துகிறதோ அதில் அவர் வாங்கிக்கொள்வார். வலக்கைக்காரருக்குப் பின்பக்கம் இடதாகச் சாய்ந்து நின்றால் விறைப்பு அதிகம், வலதாகச் சாய்ந்தால் தளர்வு அதிகம். இடக்கைக்கு மாற்றிப் படிக்க வேண்டும். அம்பின் மொத்த எடை இழுவையின் ஒவ்வொரு பவுண்டுக்கும் 9 கிரெய்ன் (சிறிய எடை அலகு), அதாவது 370 அளவில். 8-க்குக் கீழே இறங்கினால் பாதி அம்பில்லாமல் விட்டதற்குச் சமம், கார்பன் அம்பு வைத்திருப்பவர்களுக்கு இதைச் சொல்லியே ஆக வேண்டும்.


கோணல்கணை பதில்:

சூடு வைத்து எழுத வேண்டாம், முதுகுப் பக்கம் அறவே கூடாது. அந்த மேல் வளையம்தான் வில்லைத் தாங்குகிறது. ஒரு எழுத்து ஆழம் கருகினால் அங்கிருந்து பிளவு தொடங்கும். எழுத வேண்டிய இடம் பிடிக்குச் சற்று மேலே, வளையாத சரிவில், வயிற்றுப் பக்கம். இந்தியன் இங்க், மெல்லிய முனைப் பேனா. 320 மணல்தாள் வரை தேய்த்து, ஷெல்லாக் ஒரு பூச்சு அடித்துக் காய்ந்த பிறகு எழுதினால் மை மரத் துளைகளில் பரவாது. அதன்மேல் ஷெல்லாக்கைப் பஞ்சால் ஒற்றி மூடிவிட்டு, பிறகு உங்கள் எண்ணெய்ப் பூச்சு. தூரிகையால் இழுத்தால் எழுத்து கலையலாம். முதலில் அதே மரத்தின் துண்டில் சோதித்துவிடுங்கள்.

வரி இப்படி: "41 பவுண்டு, 28 அங்குலம். உச்சம் 30. நீளம் 68. ஹிக்கரி." கீழே செய்த மாதமும் ஆண்டும். 41 என்பதை நூறு இருநூறு அம்பு எய்து, இரண்டு நாள் நாணில்லாமல் வைத்து, மறுபடி அளந்த பிறகே எழுதுங்கள். போட்டியின் பெயரைக் கீழ்ச் சரிவில் எழுதலாம். ஜெயித்தவர் பெயருக்கு இரண்டு அங்குலம் வெறுமையாக விட்டுவிடுங்கள். அந்த இடத்தில் எண்ணெய் தேய்க்காமல் ஷெல்லாக்கோடு நிறுத்தினால் மேடையிலேயே எழுதி, ஒருமுறை ஒற்றி, பத்து நிமிடத்தில் கையில் கொடுத்துவிடலாம்.